தடுத்தவர் பெயரில் ஒரு விருது

அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய தனிநபர் விருது பேட்டி காஸ்மையர் நினைவு விருது. இந்தப் பெயரைத் தமிழில் எழுதுவதே சங்கடம். ‘பாட்டி’ என்று எழுதினால் ஒரு பொருள், ‘பேட்டி’ என்று எழுதினால் இன்னொன்று. பெயருக்கு உரியவர் பாட்டியாகும் வயதுவரை இருக்கவில்லை. 1990 பிப்ரவரி 15 அன்று, அரிதான ஓர் இரத்த நோயால் 28 வயதில் இறந்துபோனார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிக்காக 1980களில் ஆடியவர். 1982 முதல் 1984 வரை ஐவி லீக் பட்டத்தை அந்த அணி தொடர்ந்து மூன்று முறை வென்றது. 1986இல் லீகின் சிறந்த வீராங்கனை அவரே. தந்தை டிக் காஸ்மையரும் பிரின்ஸ்டன்காரர்தான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை 1951இல் வென்றவர். தொழில்முறை அணி அழைத்தும் போகாமல் ஹார்வர்டில் வணிகம் படிக்கப் போனார்.

இந்தக் கட்டுரைக்குத் தேவையான செய்தி வேறொன்று. பேட்டி காஸ்மையர் தற்காப்பு வரிசையில் ஆடியவர். தன் கோலை நோக்கி வருகிறவர்களை மறித்து, ‘பக்’ எனும் வட்டைப் பறித்து முன்னே அனுப்புவதுதான் அவர் வேலை. அவர் பெயரிலான விருதோ 1998 முதல் 2025 வரை 28 முறை வழங்கப்பட்டதில் இரண்டே முறைதான் தற்காப்பு வீராங்கனைக்குப் போயிருக்கிறது. நான்கு முறை கோல்கீப்பருக்கு. மீதி 22 முறையும் கோல் அடிக்கும் முன்கள வீராங்கனைகளுக்கு. அவர் படித்த பிரின்ஸ்டனுக்கு ஒரு முறைகூட வரவில்லை.

விருது எப்படித் தரப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். வழங்குவது யுஎஸ்ஏ ஹாக்கி அறக்கட்டளை. பயிற்சியாளர்கள் பெயர்களை முன்மொழிவார்கள். பத்துப் பேர் பட்டியல் வரும், அது மூன்று பேராகச் சுருங்கும். பயிற்சியாளர்களும் பத்திரிகையாளர்களும் அடங்கிய சிறு குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆட்டத் திறமையோடு பண்பு, படிப்பு, சமூகப் பணி, நெருக்கடி நேரத்து ஆட்டம் எல்லாம் கணக்கில் வரும் என்கிறது விதி. தேசியப் போட்டியின் கடைசிக் கட்டமான ‘ஃப்ரோசன் ஃபோர்’ நடக்கும் வார இறுதியில் அறிவிப்பார்கள். ஆகவே இறுதி ஆட்டத்தில் யார் என்ன செய்தார் என்பது முடிவைத் தொடாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சில விநோதங்கள் விளங்கும்.

புல்தரை ஹாக்கியைப் பார்த்துப் பழகிய நமக்கு இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு முன் பக்கைக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் இருவர் வரைக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. கோலும் உதவியும் சேர்ந்ததுதான் ஒருவரது ‘பாயின்ட்ஸ்’. ஆண்டு முடிவில் வரிசைப்படுத்த எளிதான எண் அது. எளிதாக இருப்பதுதான் சிக்கலும். எதிரணியின் பாதையை மறித்து நின்றதற்கு ஸ்கோர் தாளில் தனிக் கட்டம் கிடையாது.

முதல் பத்தாண்டு ஹார்வர்டுக்கு உரியது. 1999இல் ஏ.ஜே. மிலெச்கோ 37 கோல், 77 உதவி என 114 புள்ளிகள் குவித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியவர் அவர். 2001இலும் 2003இலும் கனடாவின் ஜெனிஃபர் பாட்டரில். இரண்டு முறை வென்ற ஒரே வீராங்கனை இன்றுவரை அவர்தான். 113 ஆட்டங்களில் 340 புள்ளிகள் எடுத்தார். 2004இல் ஏஞ்சலா ரூஜியாரோ, 2007இல் ஜூலி சூ, 2008இல் சாரா வாயன்கூர். பத்து ஆண்டுகளில் ஆறு விருது, ஐந்து பேர். ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது வியப்புத்தான். பணம் கொடுத்து அழைக்கும் கல்லூரிகள் அப்போதுதான் அணி கட்டத் தொடங்கியிருந்தன என்பது ஒரு காரணம். மினசோட்டா 1997இல்தான் களமிறங்கியது; விஸ்கான்சினும் மினசோட்டா துலூத்தும் 1999இல்.

அவை எழுந்து நின்றதும் காற்று மேற்கே திரும்பியது. பெண்கள் ஹாக்கிக்கென்றே மினசோட்டா கட்டிய ரிடர் அரங்கம் 2002இல் மினியாபொலிஸில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு விஸ்கான்சினுக்குப் பயிற்சியாளராக வந்தார் மார்க் ஜான்சன். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வீழ்த்திய அமெரிக்க அணியில் இரண்டு கோல் அடித்தவர். அவர் வந்த பிறகு விஸ்கான்சினுக்கு ஆறு விருதுகள்: சாரா பாவர், ஜெஸ்ஸி வெட்டர், மேகன் டகன், பிரியானா டெக்கர், ஆன்-ரெனே தேபியென், 2025இல் கேஸி ஓ’பிரையன். ஹார்வர்டின் எண்ணிக்கையை அது எட்டிப் பிடிக்க 2025 வரை ஆனது.

மினசோட்டா, கிளார்க்சன், நார்த்ஈஸ்டர்ன் மூன்றுக்கும் மும்மூன்று. பாஸ்டன் கல்லூரிக்கு இரண்டு. நியூ ஹாம்ப்ஷயர், பிரவுன், மெர்சிஹர்ஸ்ட், ஒஹாயோ ஸ்டேட், கார்னல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. இந்தப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மினசோட்டா துலூத்! கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அதிகாரபூர்வமாகத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியது 2001இல். முதல் மூன்று பட்டமும் துலூத்துக்கு. பிறகு 2008, 2010. ஐந்து முறை நாட்டின் சாம்பியனான அணிக்கு நாட்டின் சிறந்த வீராங்கனை ஒருவர்கூட இல்லையாம்.

காரணம் தேடினால், துலூத்தின் முதல் பயிற்சியாளர் ஷானன் மில்லர் ஆள் சேர்த்த விதம் கண்ணில் படுகிறது. ஸ்வீடன், பின்லாந்து என்று ஐரோப்பாவில் தேடினார். ஸ்வீடனின் மரியா ரூத் அங்கே ஆடியவர். 2006 தூரின் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, சமனில் முடிந்த ஆட்டத்தை ஷூட்அவுட்டிலும் முடித்துவைத்து, உலகமே எதிர்பாராத தோல்வியை அமெரிக்காவுக்குக் கொடுத்தவர். கல்லூரியில் அவருக்கு இந்த விருது கிடைக்கவில்லை. ரூத்துக்கு மட்டுமல்ல, 2025 வரை ஐரோப்பியர் எவருக்குமே கிடைக்கவில்லை. கனடியர்கள் பத்துப் பேர் வென்றிருக்கிறார்கள். 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு அவர்களே. எனவே இது அமெரிக்கரல்லாதார் மீதான வெறுப்பு என்று சொல்ல முடியாது. வட அமெரிக்கச் சிறுவயது லீகுகளிலிருந்து தெரிந்த முகங்களின் மேல் பார்வை முதலில் விழுகிறது என்று மட்டும் சொல்வேன்.

இதற்குக் கூர்மையான சான்று 2013. மினசோட்டா அந்தப் பருவத்தில் ஆடிய 41 ஆட்டங்களையும் வென்றது. இறுதி மூவரும் மினசோட்டாக்காரர்களே: 101 புள்ளிகள் எடுத்த அமாண்டா கெஸல், தற்காப்பு வரிசையின் மேகன் போஸெக், பின்லாந்தைச் சேர்ந்த கோல்கீப்பர் நூரா ராட்டி. ஒரே அணியின் முன்களம், தற்காப்பு, கோல் என மூன்று இடங்களும் மேசைமேல் வைக்கப்பட்டிருந்தன. குழு கெஸலை எடுத்தது. கெஸல் தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ராட்டி நின்ற 38 ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி தோற்கவில்லை. 17 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. ஓர் அணி தோற்கவே இல்லையென்றால் பெருமை அடித்தவருக்கா, விடாதவருக்கா?

ஆண்கள் கல்லூரி ஹாக்கியில் இதற்கு நிகரான ஹோபி பேக்கர் விருதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். (ஹோபி பேக்கரும் பிரின்ஸ்டன்காரர். 1918இல் விமான விபத்தில் இறந்தவர். இளவயதுச் சாவும் பிரின்ஸ்டனும் இந்த இரு விருதுகளையும் பிணைக்கின்றன.) அது 1981 முதல் வழங்கப்படுகிறது. கோல்கீப்பர்கள் மூவர்தான் அதை வென்றார்கள். அந்த வகையில் பெண்கள் விருது தாராளமானது. ஆனால் தற்காப்பு வீரர்கள் எட்டுப் பேருக்குக் குறையாமல் ஹோபி பேக்கரை வென்றிருக்கிறார்கள். 2019இல் வென்ற கேல் மகார் அவர்களில் ஒருவர். பெண்களிலோ 2025 வரை இருவர். 2004க்குப் பிறகு அடுத்த தற்காப்பு வீராங்கனைக்கு 19 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. பெண்கள் ஆட்டத்தில் உடலால் மோதிச் சாய்க்கும் ‘பாடி செக்கிங்’ விதிப்படி கூடாது. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு தற்காப்பு வீரர் எதிரியை வேலியில் மோதவைத்தால் அரங்கமே எழுந்து நிற்கும். பெண்கள் ஆட்டத்தில் தற்காப்பு என்பது நிற்கும் இடம், மட்டையின் கோணம், ஒரு நொடி முன்பே ஊகிப்பது. பார்த்துப் பழகியவருக்குத்தான் அது தெரியும். இன்னொன்று, வலுத்த அணிக்கும் மெலிந்த அணிக்கும் இடையிலான பள்ளம் இங்கே நெடுங்காலம் பெரிதாக இருந்தது. பெரிய அணியின் முன்கள வீராங்கனையால் ஒரு பருவத்தில் நூறு புள்ளி தொட முடிந்தது. நூறு என்ற எண்ணுக்கு எதிரே அமைதியான தற்காப்பு எடுபடாது.

வென்ற இரு தற்காப்பு வீராங்கனைகளும்கூட எண்ணால்தான் வென்றார்கள் என்பது என் சந்தேகம். ரூஜியாரோ பின்னிருந்து முன்னேறி வந்து கோல் போடுகிறவர். 2023இல் வென்ற ஒஹாயோ ஸ்டேட்டின் சோஃபி ஜாக்ஸ் 41 ஆட்டங்களில் 24 கோல், 24 உதவி. பல முன்களக்காரர்கள் பொறாமைப்படும் கணக்கு இது. விருதை வென்ற முதல் கறுப்பின வீராங்கனை என்ற பெருமையும் ஜாக்ஸுக்கே. அவர் தடுக்கத் தெரியாதவர் என்பதில்லை. தடுப்பதை மட்டுமே செய்பவருக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை என்கிறேன்.

சரி, எண்தான் அளவுகோல் என்றால் அதையாவது ஒழுங்காகப் பின்பற்றினார்களா? 2005ஐப் பாருங்கள். ஹார்வர்டின் நிக்கோல் கொரியெரோ அந்தப் பருவத்தில் 59 கோல் அடித்தார். என்சிஏஏ பெண்கள் ஆட்டத்தில் அது சாதனை. மினசோட்டாவின் நடாலி டார்விட்ஸ் 114 புள்ளிகள். அதுவும் என்சிஏஏ காலத்தில் சாதனை. விருது போனது டார்விட்ஸோடு ஒரே வரிசையில் ஆடிய கிறிஸ்ஸி வெண்டலுக்கு, 104 புள்ளிகளுக்கு. அணித்தலைவி, வேகம், ஆட்டத்தின் போக்கையே மாற்றும் தைரியம் என்று வெண்டலுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு, நானும் மறுக்கவில்லை. அதே வார இறுதியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹார்வர்டுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தவர் டார்விட்ஸ்.

மேகன் அகோஸ்டாவின் கதை இன்னும் கசப்பானது. மெர்சிஹர்ஸ்ட் என்ற சிறிய கல்லூரியை நாடறிய வைத்தவர். கல்லூரி வாழ்வில் 157 கோல், 303 புள்ளிகள். என்சிஏஏ காலத்தில் அதை மிஞ்சியவர் இல்லை. 2010இல் கனடாவுக்காக ஒலிம்பிக் ஆட ஓராண்டு கல்லூரியை விட்டுப் போனார். வான்கூவரில் ஒன்பது கோல் அடித்துத் தங்கமும் வென்று, போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை ஆனார். அவர் இல்லாத அந்த ஆண்டில்தான் மெர்சிஹர்ஸ்டுக்கு விருது வந்தது, அவரது அணித் தோழி விக்கி பெண்டஸுக்கு. அகோஸ்டா மறு ஆண்டு திரும்பி வந்தார். விருதை மேகன் டகன் பெற்றார். ஒலிம்பிக்கின் சிறந்த வீராங்கனைக்குக் கல்லூரியின் சிறந்த வீராங்கனை என்ற பெயர் கடைசிவரை கிட்டவில்லை.

ஒலிம்பிக் ஆண்டுகளில் விருதின் மதிப்புக் குறைவு என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேசிய அணிக்காரர்கள் கல்லூரியை விட்டுப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களில் நல்லவருக்குத் தருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 1998இல் பிராண்டி ஃபிஷர், 2002இல் புரூக் விட்னி, பிறகு பாவர், பெண்டஸ், ராட்ரே, வாட்ஸ், ஹைஸி ஆகியோர் அந்த வரிசை. இந்த வாதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜேமி லீ ராட்ரே வென்ற 2014இல் அவரது கிளார்க்சன் அணி மினசோட்டாவை 5-4 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது. மேற்கின் மூன்று கல்லூரிகள் மட்டுமே கைமாற்றிக்கொண்டிருந்த கோப்பை முதன்முறையாகக் கிழக்கே வந்தது. எட்டு ஆண்டு கழித்து ராட்ரே பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். அதே 2022இல் அமெரிக்க ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காத டெய்லர் ஹைஸி மினசோட்டாவுக்காக 66 புள்ளிகள் எடுத்து விருதை வென்றார். அணித் தேர்வாளர்களுக்கு அதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது. டேரில் வாட்ஸ் 2018இல் 82 புள்ளிகளோடு வென்றபோது முதலாம் ஆண்டு மாணவி. முதலாம் ஆண்டில் அதுவரை யாரும் வென்றதில்லை.

அந்த வாட்ஸ் பாஸ்டன் கல்லூரியிலிருந்து விஸ்கான்சினுக்கு மாறினார். 2021 இறுதி ஆட்டம், விஸ்கான்சினுக்கும் நார்த்ஈஸ்டர்னுக்கும். நார்த்ஈஸ்டர்ன் கோலில் நின்றவர் அந்த ஆண்டு விருதை வாங்கியிருந்த ஏரின் ஃபிராங்கல். 1-1 என்று கூடுதல் நேரம். வாட்ஸ் கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து, கோலே தெரியாத இடத்திலிருந்து, பக்கை உள்ளே தள்ளிவிட்டார். அது தற்காப்பு வீராங்கனை மேல் பட்டு வலைக்குள் போனது. பழைய விருதாளர் புதிய விருதாளரை வீழ்த்திய கதை அது. ஃபிராங்கலைக் குறை சொல்ல அதில் எதுவும் இல்லை.

விருதும் பட்டமும் ஒரே ஆண்டில் ஒருவரிடம் சேர்வது அபூர்வம். 2001 முதல் 2025 வரை நடந்த 24 தேசியப் போட்டிகளில் (2020இல் கொரோனாவால் நடக்கவில்லை) ஏழு முறைதான் அது நிகழ்ந்தது. ராட்ரேக்குப் பிறகு ஓ’பிரையன் வரை ஒருவரும் இல்லை. தேபியென் 2016இல் 21 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை, மறு ஆண்டு 17 ஆட்டங்களில். கல்லூரி வாழ்வில் மொத்தம் 55. 2017இல் விருது வந்தது. அந்த வார இறுதியிலேயே கிளார்க்சனிடம் 0-3 தோல்வி. என்சிஏஏ பட்டம் ஒருபோதும் வரவில்லை. பாட்டரிலும் அப்படித்தான். 2003 இறுதி ஆட்டம் துலூத்தில், துலூத்திடமே, இரண்டாம் கூடுதல் நேரம் வரை போய் 3-4 தோல்வி. ஹார்வர்டுக்கு ஆறு விருது இருந்தும் என்சிஏஏ பட்டம் ஒன்றுகூட இல்லை. துலூத்துக்கு ஐந்து பட்டம் இருந்தும் விருது இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால், ‘சிறந்த வீராங்கனை’ என்பதும் ‘சிறந்த அணி’ என்பதும் எவ்வளவு வேறான கேள்விகள் என்று புரியும்.

விருதுக்குப் பின் என்ன என்ற கேள்வியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே நெடுங்காலம் ஒரு மலை நின்றது. ஹோபி பேக்கர் வென்றவருக்கு என்ஹெச்எல் என்ற தொழில்முறை லீக் இருக்கிறது. பேட்டி காஸ்மையர் வென்றவர்களுக்கு ஒலிம்பிக் இருந்தது, சம்பளம் இல்லை. கனடாவில் 2007இல் தொடங்கிய லீக் பல ஆண்டு சம்பளமே தராமல் நடந்து 2019இல் மூடப்பட்டது. 2016இல் 50 கோல் அடித்து விருது வென்ற கெண்டல் கோய்ன், 2019இல் என்ஹெச்எல் ஆல் ஸ்டார் நிகழ்ச்சியின் வேகப் பந்தயத்தில் ஆண்களோடு சறுக்கி 14.346 வினாடியில் சுற்றை முடித்தார். அரங்கம் கொண்டாடியது. அவருக்கு ஆட ஒரு நிலையான லீக் அப்போதும் இல்லை. 2017இல் டகன் தலைமையில் அமெரிக்க அணி உலகப் போட்டியையே புறக்கணிப்போம் என்று நின்று நியாயமான ஊதியம் பெற்றது. விருதாளர்கள் செய்தவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன், கோல்களை அப்புறம்தான்.

பிடபிள்யூஹெச்எல் என்ற புதிய லீக் 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு தொடங்கியது. முதல் இறுதித் தொடரில் மினசோட்டாவும் பாஸ்டனும் மோதின. மினசோட்டா பக்கம் கோய்ன், ஹைஸி, ஜாக்ஸ். பாஸ்டன் பக்கம் ஃபிராங்கல், ராட்ரே, லோரன் கேபல். ஒரே தொடரில் ஆறு விருதாளர்கள்.

நான்காம் ஆட்டம் இரண்டாம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜாக்ஸ் அடித்த பக் வலைக்குள் விழுந்தது. கோப்பை கிடைத்துவிட்டது என்று மினசோட்டா வீராங்கனைகள் கையுறைகளை வீசிக் கொண்டாடினார்கள். நடுவர்கள் காணொளியைப் பார்த்து, கோல்கீப்பருக்கு இடையூறு செய்யப்பட்டது என்று கோலை ரத்து செய்தார்கள். சிதறிய கையுறைகளைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு மீண்டும் ஆட வந்த சிறிது நேரத்தில் பாஸ்டனின் அலினா முல்லர் கோல் அடித்துத் தொடரைச் சமன் செய்தார். முல்லர் சுவிட்சர்லாந்துக்காரர். நார்த்ஈஸ்டர்னில் படித்தபோது இந்த விருதின் இறுதி மூவர் பட்டியல் வரை வந்து வெறுங்கையோடு திரும்பியவர்.

ஐந்தாம் ஆட்டம் 2024 மே 29, மாசசூசெட்ஸின் லோவல் நகரில். மினசோட்டா 3-0 என்று வென்றது. பாஸ்டனுக்கு ஒரு கோல்கூட விடாமல் நின்றவர் நிக்கோல் ஹென்ஸ்லி. மிசௌரியில் லிண்டன்வுட் என்ற கல்லூரியின் கோல்கீப்பராக இருந்தவர். அந்த அணி அடிக்கடி தோற்கும். தோற்கும் அணி என்பதால் அவரை நோக்கி வந்த ஷாட்களுக்குக் கணக்கில்லை. நான்கு ஆண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஷாட்களைத் தடுத்து என்சிஏஏ சாதனை படைத்துவிட்டுப் படிப்பை முடித்தார். பேட்டி காஸ்மையர் விருது பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.